புல்தரையைத் தோண்டும் விலங்குகள்: வேலியா, மருந்தா, கூண்டா, பொறுமையா?

இரவில் ஒரு சத்தமும் கேட்டிருக்காது. காலையில் கதவைத் திறந்தால் புல்தரையில் அங்கங்கே குழி, புரண்டு கிடக்கும் புல், சிதறிய மண். மறுநாளும் அதே கோலம். மூன்றாம் நாள் வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிடும். ஒருவர் வேலி என்பார், ஒருவர் மருந்து என்பார், பக்கத்து வீட்டுக்காரர் கூண்டு வைத்துப் பிடித்துவிடச் சொல்வார். கடைக்காரரோ இவை எதுவும் வேண்டாம், இந்தக் கருவியை மண்ணில் நட்டால் போதும், ஒலி தாங்காமல் எல்லாம் ஓடிவிடும் என்பார்.

இந்த யோசனைகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு விலங்குக்குச் சரியானவைதான். உங்கள் தரையைத் தோண்டுவது அந்த விலங்குதானா, அது எதற்காகத் தோண்டுகிறது என்பது தெரியாமல் பணத்தை இறக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

## முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள்

விலங்குகள் தோண்டுவது மூன்று காரணங்களுக்காக: தீனி தேட, தங்க வளை அமைக்க, கிடைத்ததைப் புதைத்து வைக்க. கடைசியது அணிலின் வேலை. இரண்டு விரல் அகலக் குழி, ஆழமும் இராது, பருவம் முடிந்தால் நின்றுவிடும். அதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

தீனிக்காகத் தோண்டுபவைதான் பெரும்பான்மை. நாற்றநீர் பீய்ச்சும் அமெரிக்கச் சிறுவிலங்கான ஸ்கங்க் மூக்கை நுழைத்து நகத்தால் கிளறி, கூம்பு வடிவச் சிறு குழிகளை வரிசையாக விட்டுச் செல்லும். உடலில் ஓடு போர்த்த அமெரிக்க விலங்கான ஆர்மடில்லோவின் குழியும் கூம்புதான். ஆனால் இன்னும் அகலம், இன்னும் ஆழம். கண்ணைச் சுற்றி முகமூடி போலக் கருப்புள்ள ரக்கூனின் முன்னங்கால் விரல்கள் நன்றாக வேலை செய்யும். புல்லின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி வைத்துவிடும். புதிதாகப் பதித்த புல்தரை இன்னும் வேர் பிடிக்காமல் இருப்பதால் ரக்கூனுக்கு அது மிக எளிது. வளையில் வாழும், முகத்தில் கருப்பு வெள்ளைக் கோடுள்ள பேட்ஜர் கிளறிய தரையில் அகலமான குழிகளோடு, அருகிலேயே எச்சம் இட்ட சிறு பள்ளமும் இருக்கும். காட்டுப்பன்றி வந்திருந்தால் துப்புத் துலக்கவே வேண்டாம். ஒரே இரவில் தரை முழுவதும் உழுது கிடக்கும்.

வளைக்காகத் தோண்டுபவை வேறு ரகம். பெருச்சாளி வளையின் வாயில் தோண்டித் தள்ளிய மண் குவிந்திருக்கும். பெரும்பாலும் சுவரோரம், திண்ணையோரம், கல்லுக்கு அடியில். மோல் எனப்படும் அகழெலி தரைக்கு அடியிலேயே சுரங்கம் போடும். மேலே வரப்பாக எழும்பிய கோடும் இடையிடையே மண்மேடும்தான் தெரியும், திறந்த வாய் தெரியாது.

சந்தேகம் தீராவிட்டால் குழிகளைச் சுற்றி நுண்மணலைத் தூவிவிட்டு, காலையில் கால்தடம் பாருங்கள். இரவில் இயங்கும் கேமரா இருந்தால் இன்னும் நல்லது.

தீனிக்காக வருகிறது என்று தெரிந்தால், அந்தத் தீனி எது என்றும் பார்த்துவிட வேண்டும். ஓர் அடிச் சதுரத்தில் மூன்று பக்கம் மண்வெட்டியால் வெட்டி, நான்காம் பக்கத்தை வெட்டாமல் விட்டுப் புல்லை மடக்கித் திருப்புங்கள். அடிமண்ணை ஐந்து செ.மீ. ஆழத்துக்கு விரலால் உதிர்த்தால், வண்டின் வெண்புழுக்கள் இருந்தால் அங்கேதான் இருக்கும். பால் நிற உடல், பழுப்புத் தலை, தலைக்குப் பின்னால் ஆறு கால்கள். தொட்டால் அரைவட்டமாகச் சுருளும். குடலில் உள்ள மண் தோல் வழியே தெரிவதால் வால்பக்கம் சாம்பல் பூத்திருக்கும். எண்ணுங்கள், புல்லை மடக்கி மூடி மிதித்துத் தண்ணீர் விடுங்கள், இன்னும் நாலைந்து இடங்களில் இதையே செய்யுங்கள். சதுர அடிக்கு ஐந்துக்குக் கீழே என்றால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும். பத்துக்கு மேலே போனால் வேர் அறுபட்டு, இழுத்தால் புல் கையோடு வந்துவிடும். ஆனால் புல்லுக்குத் தீங்கில்லாத எண்ணிக்கையே ஸ்கங்குக்கு விருந்தாகப் போதும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வெண்புழுவே காணோம், மண்புழுதான் நெளிகிறது என்றால், தீனியை ஒழிக்கும் வழி உங்களுக்கு அடைபட்டது என்று பொருள். மண்புழுவைக் கொன்றால் கெடுவது உங்கள் மண்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். இன்று செய்தால் பலன் எப்போது தெரியும்? எவ்வளவு காலம் நிற்கும்? எந்த விலங்குக்குச் செல்லும், எதற்குச் செல்லாது? குழந்தை, வளர்ப்புப் பிராணி, தேனீ, பக்கத்து வீட்டுப் பூனை ஆகியவற்றுக்கு ஆபத்து உண்டா? சட்டம் விடுமா?

விலைச்சீட்டில் வராத செலவு ஒன்று உண்டு, அது உங்கள் உழைப்பு. வாராவாரம் கழற்றி மாட்ட வேண்டிய எதுவும் ஒரு மாதத்துக்குப் பிறகு மூலையில்தான் கிடக்கும். இதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் பாதி வழிகள் தாமாகவே கழிந்துவிடும்.

## வழி 1: ஒன்றும் செய்யாமல் பழுது பார்ப்பது

சிரிக்க வேண்டாம், இதுவும் ஒரு வழிதான். பல வீடுகளுக்கு இதுவே சரியான வழி. மிதவெப்ப நாடுகளில் வெண்புழுக்கள் கோடையின் கடைசியில் தொடங்கி இலையுதிர்காலம் வரை வேர்மட்டத்தில் இருக்கும். குளிர் வந்ததும் ஆழத்துக்கு இறங்கும், வசந்தத்தில் கொஞ்ச காலம் மேலே வரும், பிறகு கூட்டுப்புழுவாகிவிடும். தோண்டலும் அந்தத் தாளத்தில்தான் நடக்கிறது. ஆக, தொல்லை ஆண்டு முழுவதும் இருப்பதில்லை, சில வாரங்கள்தான்.

புரண்ட புல்லை அன்றே திருப்பி, மிதித்து, தண்ணீர் விட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். இரண்டு நாள் வெயிலில் வேர் காய விட்டால் பிழைக்காது. வந்த விலங்கு உங்கள் வெண்புழுக்களைக் கூலியில்லாமல் பொறுக்கித் தின்றுவிட்டுப் போகிறது என்பது உபரி லாபம்.

குழிகள் சிறியவை, புல்தரை வெறும் பார்வைக்கு, பருவமும் முடியப்போகிறது என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகள் ஓடும் தரை, வயதானவர்கள் நடக்கும் தரை என்றால் குழியில் கால் மடங்கும். அங்கே பொறுமை உதவாது. காட்டுப்பன்றிக்கும் உதவாது.

## வழி 2: தீனியைக் குறைப்பது

அடிப்படைக் காரணத்தைத் தொடும் வழி இது. மெதுவானதும் இதுதான், அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் இதுதான்.

தவறு பெரும்பாலும் காலத்தில் நடக்கிறது. குழி தெரிந்த அன்று மக்கள் மருந்து வாங்குகிறார்கள். குழி தெரியும் காலத்தில் வெண்புழு நன்றாகக் கொழுத்துவிட்டிருக்கும். கடையில் கிடைக்கும் பூச்சிமருந்துகளில் பல, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த சிறுபுழுவைக் கொல்வதற்கானவை. குளோரான்ட்ரனிலிப்ரோல் மண்ணில் மெதுவாக இறங்குவதால் அதை வசந்தத்திலேயே போட்டுவிட வேண்டும். இமிடாகுளோபிரிட்டை முட்டை பொரியும் காலத்தை ஒட்டிப் போட வேண்டும். இவற்றை இலையுதிர்காலத்தில் தெளிப்பது, பெரும்பாலும் பணத்தை மண்ணில் ஊற்றுவதுதான். டிரைகுளோர்ஃபான் போன்ற சில மட்டும் வளர்ந்த புழுவையும் சில நாட்களில் கொல்லும். அவற்றின் நச்சும் கூடுதல்.

இமிடாகுளோபிரிட் தேனீக்கு எமன். புல்லுக்கு இடையே குளோவர் என்ற சிறு பூஞ்செடி பூத்திருக்கும்போது தெளித்தால் பூவழியே தேனீக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இதையும், இதன் வகையைச் சேர்ந்த வேறு இரண்டு மருந்துகளையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. வேறு நாடுகளில் அனுமதி இருந்தாலும், மருந்துதான் வேண்டும் என்றால் தேனீக்குக் குறைந்த ஆபத்துள்ள குளோரான்ட்ரனிலிப்ரோலையே நான் சொல்வேன். எதை இட்டாலும் லேபிளில் சொன்னபடி நீர் பாய்ச்சி வேர்மட்டத்துக்கு இறக்க வேண்டும். மேலே கிடந்தால் புழுவைச் சேராது, பறவையைச் சேரும்.

என் ஓட்டு நூற்புழுக்களுக்கு. ஹெட்டரோராப்டைட்டிஸ் பாக்டீரியோஃபோரா என்ற நுண்ணிய நூற்புழு, வெண்புழுவின் உடலுக்குள் நுழைந்து தன் குடலில் சுமந்துவரும் பாக்டீரியாவை விடுவிக்கிறது. இரண்டு மூன்று நாட்களில் வெண்புழு செம்பழுப்பு நிறமாகிச் செத்துவிடும். மனிதருக்கும் பிராணிகளுக்கும் தேனீக்கும் தீங்கில்லை. ஆனால் இது உயிருள்ள சரக்கு. பொட்டலத்தில் காலாவதித் தேதி பார்த்து வாங்க வேண்டும், குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், சீக்கிரம் பயன்படுத்த வேண்டும். சூரிய ஒளி பட்டால் செத்துவிடும் என்பதால் மாலை மங்கியபின் ஊற்ற வேண்டும். ஊற்றுமுன் தரை ஈரமாக இருக்க வேண்டும், பிறகும் ஒன்றிரண்டு வாரம் ஈரம் காயக் கூடாது. வாளியில் கலக்கியதும் அடியில் படிந்துவிடும். ஆகவே ஊற்றுகிறவரை கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தெளிப்பான் என்றால் அதன் நுண்சல்லடையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தெளிப்பது வெறும் தண்ணீர். மண் குளிர்ந்துவிட்டால் இவை மந்தமாகிவிடும். மழையை ஒட்டி வண்டுகள் வெளிவரும் வெப்பமண்டல நாடுகளில், அந்த மழைக்குப் பின் வரும் வாரங்கள்தான் இதற்கு ஏற்ற காலம்.

வெண்புழுவுக்கு நோய் உண்டாக்கும் பால்நோய் பாக்டீரியாத் தூளைப் பற்றியும் கேட்பார்கள். அது ஜப்பானிய வண்டின் புழுவை மட்டுமே தாக்கும். மண்ணில் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகும். உங்கள் புழு அந்த வண்டினுடையதுதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தொட வேண்டாம்.

பணமே ஆகாத ஒரு வேலையும் இருக்கிறது: தண்ணீரைக் குறைப்பது. பெண் வண்டு ஈரமண்ணைத் தேடி முட்டையிடும், முட்டை பிழைக்கவும் ஈரம் வேண்டும். ஈரம் மிகுந்தால் மண்புழுவும் மேலே வரும். முட்டைப் பருவத்தில் தரையைக் கொஞ்சம் காயவிட்டு, புல்லை ஏழெட்டு செ.மீ. உயரத்தில் வெட்டினால் அடுத்த ஆண்டுத் தொல்லை குறையும். உதிர்ந்த பழம், வெளியே வைத்த பிராணித் தீனி, பறவைத் தீனிச் சிந்தல் ஆகியவற்றையும் அகற்றிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: அகழெலியின் முக்கிய உணவு மண்புழு. வெண்புழுவை ஒழித்தால் அகழெலி போய்விடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம்பிச் செலவு செய்தவர்கள் பலர்.

## வழி 3: தடுப்பு

தரைமேல் கம்பிவலை. பற்றவைத்த 2.5 செ.மீ. கண்ணுள்ள வலையைப் புல்மேல் படிய விரித்து, விளிம்பு தூக்காதபடி 'ப' வடிவக் கம்பிகளால் நெருக்கமாக அடித்துவிட்டால், ரக்கூனும் ஸ்கங்கும் நகத்தை நுழைக்க முடியாமல் சலித்துப் போய்விடும். அன்றிரவே பலன். புதுப்புல் வேர் பிடிக்கும்வரை சில வாரங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மறைசெலவு புல்வெட்டும் இயந்திரத்தில் வருகிறது: புல் வலைக்கு மேல் வளர்ந்தபின் மறந்துபோய் இயந்திரத்தை ஓட்டினால் பிளேடு போகும், கம்பி பறக்கும். நிரந்தரமாக வேண்டும் என்றால் புல் பதிக்கும்போதே அடியில் விரிப்பதுதான் முறை. மலிவு என்று பிளாஸ்டிக் வலை வாங்காதீர்கள். பாம்பும் முள்ளெலியும் பறவையும் சிக்கிச் சாகும், அறுத்து எடுப்பது உங்கள் வேலையாகும்.

புதைத்த வேலி. கம்பிவலையை 30 செ.மீ. ஆழம் இறக்கி, அடியில் இன்னும் 30 செ.மீ. வெளிப்பக்கமாக மடக்கிப் பதிப்பது. வேலியை ஒட்டித் தோண்டும் விலங்கு அந்த மடிப்பில் முட்டிக்கொள்ளும். பின்னால் தள்ளிப்போய்த் தோண்டும் யோசனை அதற்கு எளிதில் வராது. ஸ்கங்குக்கும் ஆர்மடில்லோவுக்கும் நன்றாகச் செல்லும். ரக்கூனும் அணிலும் ஏறிக் குதித்துவிடும். அவற்றுக்கு இது வெறும் ஏணி. அகழெலி இதைவிட ஆழமாகப் போகும். நன்றாகப் போட்டால் பல ஆண்டுகள் நிற்கும், ஆனால் சுற்றளவு முழுதும் அகழி வெட்ட வேண்டும். அதற்குமுன் மின்வடமும் குழாயும் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். கதவின் அடியில் விடும் சந்து ஒன்றே போதும், மொத்த வேலையும் வீண். எனவே முழுத் தோட்டத்தையும் வளைப்பதைவிட, காக்க வேண்டிய ஒரு பகுதியை மட்டும் வளைப்பது புத்திசாலித்தனம்.

திண்ணைக்கு அடியிலோ கொட்டகைக்கு அடியிலோ வளை இருந்தால், அடைப்பதற்குமுன் உள்ளே குட்டி இல்லை என்று உறுதி செய்யுங்கள். தாயை வெளியே விட்டுக் குட்டியை உள்ளே வைத்து அடைத்தால், அந்தத் தாய் உங்கள் திண்ணையையே பெயர்க்கும்.

மின்வேலி. தரையிலிருந்து 15 செ.மீ., 30 செ.மீ. உயரத்தில் இரண்டு கம்பி இழுத்தால் ரக்கூனும் அடங்கிவிடும். பேட்ஜருக்கும் காட்டுப்பன்றிக்கும்கூட, கம்பிகளின் உயரத்தைச் சற்று மாற்றினால், நடைமுறையில் நிற்கும் வழி இதுவே. விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் தரும் வேலிக்கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலைக்குற்றத்தில் முடியும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அதிர்ச்சி குறைந்துவிடும், ஆகவே அடியில் அடிக்கடி வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில குடியிருப்புகளில் அனுமதியே கிடையாது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

## வழி 4: விரட்டிகள்

அலமாரியில் அதிக இடம் பிடித்திருப்பவையும் இவைதான், அதிகம் ஏமாற்றுபவையும் இவைதான். மிளகாய்க் காரம் ஒரு மழைக்குத் தாங்காது. கொன்றுண்ணிகளின் சிறுநீர் என்று விற்கப்படுவதைப் பசித்த விலங்கு சீக்கிரமே பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழுப்பும் மீயொலிக் கருவிகளைப் பற்றி அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2001-இல் அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கருவிகள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்துருண்டையை வளைக்குள் போடும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். அது மண்ணையும் காற்றையும் நச்சாக்கும். குழந்தை மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும்.

விதிவிலக்கு இரண்டு. ஆமணக்கு எண்ணெய்க் கரைசலுக்கு அகழெலி கொஞ்சம் விலகுகிறது, தற்காலிகமாக. இன்னொன்று, அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான். திடீர்ச் சத்தமும் நீரும் சேர்ந்து வருவதால் இரவு விருந்தாளிகள் பயப்படுகின்றன. ஒரே இடத்தில் வைத்தால் பழகிவிடும். சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். உறைபனிக் காலத்தில் பயன்படாது. தபால்காரரும் நனைவார். நூற்புழு வேலை செய்யும்வரை இடைப்பட்ட வாரங்களை ஓட்ட இது நல்ல துணை.

## வழி 5: கூண்டு வைத்துப் பிடிப்பது

பிடித்தால் கதை முடிந்தது என்று தோன்றும். தீனி இருக்கும்வரை காலியான இடத்துக்கு அடுத்தது வந்துசேரும். தெரியாத காட்டில் கொண்டுபோய் விட்ட விலங்கு, உணவும் மறைவிடமும் தெரியாமல் பெரும்பாலும் திண்டாடும், பல சாகும். ரக்கூன், ஸ்கங்க், நரி ஆகியவை ரேபிஸைச் சுமக்கக்கூடியவை, கூண்டில் மாட்டிய பதற்றத்தில் கடிக்கும். ஸ்கங்க் என்றால் கூண்டைத் திறப்பதற்குள் உங்கள் சட்டையைத் தூக்கி எறிய வேண்டி வரலாம். பக்கத்து வீட்டுப் பூனை மாட்டிக்கொள்வதும் உண்டு.

சட்டம் இன்னும் கடுமை. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பேட்ஜரைப் பிடிப்பதும் அதன் வளையைச் சேதப்படுத்துவதும் குற்றம். அங்கே சாம்பல் அணிலைப் பிடித்துவிட்டால் திரும்ப வெளியே விடவும் முடியாது. இந்தியாவில் அழுங்கு எனப்படும் எறும்புத்தின்னி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எனவே கூண்டை வாங்குமுன் வனத்துறையையோ உள்ளாட்சி அமைப்பையோ கேட்பது கட்டாயம்.

பொறி வெல்லும் இடம் ஒன்றுண்டு: அகழெலி. அது தனியாக வாழும் பிராணி. தரை முழுதும் கோடுகள் தெரிந்தாலும் வேலை ஒன்றிரண்டினுடையதாகவே இருக்கும். சட்டம் அனுமதிக்கும் இடத்தில், நடமாட்டமுள்ள சுரங்கத்தில் சரியாக வைத்த பொறி மற்ற எல்லாவற்றையும்விட உறுதியானது. அது கொல்லும் பொறி என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மண்மேட்டைத் தட்டிச் சமன்படுத்திவிட்டுச் சேர்ந்து வாழ்வதும் கேவலமில்லை. பெருச்சாளிக்கு எலிமருந்து வைப்பவர்கள், மருந்தைத் தின்ற பெருச்சாளியை ஆந்தை தின்றால் ஆந்தையும் சாகும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் தொடங்குவது | நிற்பது | நன்றாகச் செல்வது | மறைசெலவு |
|---|---|---|---|---|
| பழுது பார்ப்பது | அன்றே, புல் பிழைக்கும் | பருவம் முடியும்வரை தொடர வேண்டும் | அணில், குறைந்த தோண்டல் | தினமும் பார்க்க வேண்டும் |
| நூற்புழு | சில வாரங்களில் | ஒரு பருவம் | வெண்புழு தேடும் எதுவும் | காலம், ஈரம், வெப்பம் தவறினால் வீண் |
| பூச்சிமருந்து | மருந்தைப் பொறுத்து | ஒரு பருவம் | மேலே சொன்னவையே | தேனீ, தடைச் சட்டம் |
| தரைமேல் வலை | அன்றிரவே | எடுக்கும்வரை | ரக்கூன், ஸ்கங்க் | புல்வெட்டும் பிளேடு |
| புதைத்த வேலி | முடித்த அன்றே | பல ஆண்டுகள் | ஸ்கங்க், ஆர்மடில்லோ | அகழி, கதவுச் சந்து |
| மின்வேலி | உடனே | பராமரிக்கும்வரை | ரக்கூன், பேட்ஜர், காட்டுப்பன்றி | புல் வெட்டுதல், அனுமதி |
| நீர்த்தெளிப்பான் | உடனே | சில வாரங்கள் | இரவில் வரும் சிறுவிலங்குகள் | இடம் மாற்றுதல், உறைபனி |
| கூண்டு, பொறி | பிடித்த அன்று | அடுத்தது வரும்வரை | அகழெலி மட்டும் | சட்டம், கடி, நோய் |

## உங்கள் நிலைமைக்கு எது

புதிதாகப் புல் பதித்து ரக்கூன் சுருட்டுகிறது என்றால் தரைமேல் வலை. வேர் பிடித்ததும் எடுத்துவிடுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் ஸ்கங்க் வருகிறது, தோண்டிப் பார்த்தால் வெண்புழு பத்தைத் தாண்டுகிறது என்றால் நூற்புழு, கூடவே முட்டைப் பருவத்தில் தண்ணீர்க் குறைப்பு. ஆர்மடில்லோ நிரந்தர விருந்தாளியாகிவிட்டால் சிறு பகுதிக்குப் புதைத்த வேலி. காட்டுப்பன்றி நடமாடும் இடத்தில் மின்வேலியைத் தவிர மற்றவற்றில் நேரம் செலவிட வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அகழி வெட்ட முடியாது. அவர்களுக்கு வலையும் நீர்த்தெளிப்பானும்தான்.

இலையுதிர்காலம் பாதி கழிந்தபின் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இப்போதைக்கு வாங்க வேண்டியது கம்பிவலை மட்டுமே. எத்தனை புழு கண்டீர்கள், எந்தப் பகுதியில் என்பதை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். அடுத்த கோடையில் வண்டுகள் பறந்து முட்டையிட்டுச் சில வாரம் ஆனதும் அதே பகுதியைத் திரும்பத் தோண்டிப் பாருங்கள். சிறுபுழுக்கள் தென்பட்டால் நூற்புழுவை அப்போது வாங்குங்கள். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இப்போதே வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் அதுவரை உயிரோடிராது.